தம்பி சாப்பிட்டாரா என்று கேட்டோம்

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. விடிகாலை ஷிப்டுக்கு நான் உள்ளே நுழைந்தபோது ஆத்தே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை. நியூ ஜெர்சியில் இந்த டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்த நாளிலிருந்து அவரை எனக்குத் தெரியும். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று எங்கள் சென்டரின் பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தூத்துக்குடிக்காரி, எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான் என்பதால் எனக்கும் அது முதல் வாரமே வாயில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் மனசில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“என் தம்பியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க,” என்றார்.

“யாரு?”

“தெரியல. முகமூடி போட்டிருந்தாங்களாம். நம்பர் பிளேட் இல்லாத வேன்.”

அந்தத் தம்பியை எனக்குப் போட்டோவில் தெரியும். ஒல்லியான ஆள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர்கள் தீவில் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தைக் கம்பெனிக்காரர்கள் தோட்டம் போடக் கேட்டு, குடியானவர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். இவர் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அந்த ஜனங்களோடு கோர்ட்டுக்கும் நில ஆபீஸுக்கும் நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பரிசாக, ஊர் மின்கம்பங்களில் எல்லாம் இவர் படத்தைப் போட்டு ‘தீவிரவாதி’ என்று யாரோ போஸ்டர் ஒட்டினார்கள். “பாத்தியா, எங்க வீட்டுல ஒரு சினிமா ஸ்டார்,” என்று அந்தப் போஸ்டரை ஆத்தே ஒருமுறை போனில் எனக்குக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கு நானும் கூடவே சிரித்தேன்.

வேன் ஒரு ராணுவ முகாமின் கேட்டுக்குள் போனதை டீக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் பார்த்திருக்கிறாள். குடும்பம் போய்க் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் இல்லை, ஜெயிலிலும் இல்லை. அங்கே இப்படித் தூக்கப்பட்டவர்களுக்கு முதல் சில நாட்கள்தான் உயிர். ‘ஆமாம், எங்களிடம்தான் இருக்கிறார்’ என்று யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் பிழைப்பார். ஒப்புக்கொள்ளாதவரை, அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இதை ஆத்தே எனக்கு விளக்கியபோது அவர் குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது, நோயாளி வீட்டாரிடம் ரிப்போர்ட் சொல்கிற அதே குரல்.

“அதோட அவனுக்கு சுகர். ரெண்டு வேளையும் இன்சுலின்,” என்றார்.

நாங்கள் இரண்டு பேருமே சுகர் தின்று தீர்த்த கிட்னிகளோடு நாள் முழுக்க மாரடிக்கிறவர்கள். மேற்கொண்டு எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய் மெஷின்களை ஓடவிட்டேன்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த அமெரிக்காவில் எனக்கு முதலில் கஞ்சி ஊற்றியது பிலிப்பைன்ஸ்காரர்கள்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜக் கஞ்சி. என் மகள் பிறந்த சமயம், விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். என் அம்மாவுக்கு விசாவே கிடைக்கவில்லை. சிசேரியன் ஆகி, பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில், கைக்குழந்தையோடு தனியாகக் கிடந்தேன். எங்கள் தமிழ் ஜனங்கள் வாட்ஸப்பில் வாழ்த்துப் பூக்களாக அனுப்பித் தள்ளினார்கள். ஆத்தே ஒரு பெரிய பானையில் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சியைக் காரில் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் இன்னொரு நர்ஸ், அதற்கு மறுநாள் இன்னொருத்தி. வந்தவர்கள் ஊட்டினார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், நான் எரிந்து விழுந்தபோது பதில் பேசாமல் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை முறைவைத்து வந்தார்கள். அந்த நன்றி எனக்கு ரத்தத்தில் இருக்கிறது. அதனால் ஆத்தே, “இன்னிக்கு சாயந்தரம் மீட்டிங், வர்றியா?” என்றபோது எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மீட்டிங் ஒரு சர்ச்சின் நிலவறையில். போராட்டக் கூட்டம் என்றால் மைக், கொடி, தொண்டை கிழியக் கத்தல் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே போனால் அடேயப்பா, நாலு ரைஸ் குக்கர்! நூடுல்ஸ் ஒரு தாம்பாளம் நிறைய. நர்ஸுகள், பிள்ளை பார்க்கும் ஆயாக்கள், ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவர்கள் எல்லாரும் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடிக்காமல் அங்கே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அது அவர்கள் வைத்திருக்கும் சட்டம். தம்பி உயிர் ஊசலாடுகிறது, இங்கே என்ன பந்தி வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆத்தே என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். “பசியோட இருக்கறவ சண்டைதான் போடுவா, வேலை செய்ய மாட்டா,” என்றார். என்னைத்தான் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் பார்க்க வேண்டுமே அவர்கள் வேகத்தை. ஒரு பழைய பெட்ஷீட் பேனராகிவிட்டது. யார் எந்த ஆபீஸுக்குப் போன் செய்வது, யார் பாதிரியாரைப் பார்ப்பது, யார் பத்திரிகைக்குச் சொல்வது என்று காபி ஆறுவதற்குள் பிரித்துக்கொண்டார்கள். கூட்டத்தை நடத்திய பெண்மணி பகலில் வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர். அவர் எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ‘இன்னார் எங்கே, சட்டப்படி பதில் சொல்லுங்கள்’ என்று கேட்கும் சில வாக்கியங்கள், முகாமின் போன் நம்பர். “இதுல இருக்கறத மட்டும் படிங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடப் பேசாதீங்க, அவனுக்கு ஆபத்தா போயிரும். முக்கியமா, கோபப்படாதீங்க,” என்றார். கடைசி வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆத்தே முன்கூட்டியே என்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் வேறு கச்சேரி. “நாளைக்கு நியூயார்க்ல அவங்க கான்சுலேட் முன்னாடி நிக்கப் போறோம்,” என்றேன். என் வீட்டுக்காரர் லேப்டாப்பை மூடினார்.

“கிரீன் கார்டு இன்னும் பெண்டிங்ல இருக்கும்மா. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“புரொட்டஸ்ட், அது இதுன்னு எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா நம்ம கதி என்ன?”

“நான் வயித்தக் கிழிச்சுக் கிடந்தப்ப அவங்க கிரீன் கார்டு கேட்டுட்டா கஞ்சி ஊத்துனாங்க?” என்று நான் கத்தின கத்தலில் மகள் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா, வால்யூம்!” என்றாள்.

அவர் லேப்டாப்பை மறுபடி திறந்துகொண்டார். ஆனால் மறுநாள் காலை என்னைப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டவர் அவர்தான். கையில் ஒரு பிளாஸ்க் டீயைத் திணித்து, “போட்டோல மட்டும் விழுந்துராத,” என்றார்.

சனிக்கிழமை கான்சுலேட் பூட்டிக் கிடந்தது. மூக்கு உதிர்ந்துவிடும் போல் குளிர். “பூட்டின கதவு முன்னாடி நின்னு என்ன ஆகப் போகுது?” என்று கேட்டேன். “கதவுக்காக நிக்கல, போட்டோவுக்காக. இது இன்னிக்கே ஊருக்குப் போயிரும். அவனைக் கேக்க இங்க ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்,” என்றார் ஆத்தே. வீட்டுக்காரர் சொன்னதும் நினைவுக்கு வந்து, குரங்குக் குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டு, பேனருக்குப் பின்னால் நின்று கம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது ஓரத்தில் தெரியும் பச்சைக் கையுறை என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைவரை ஒரு தகவலும் இல்லை. முகாமுக்குப் போன் செய்த எல்லாருக்கும் ஒரே பதில்தான்: ‘அப்படி யாரும் இங்கே இல்லை.’ எங்களுக்கு அன்று மாலை சர்ச்சில் மாதாந்திரத் தமிழ்ப் பூசை. ஆத்தேயைத் தனியாக விட மனசில்லாமல் என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். தமிழ் ஒரு சொல் தெரியாது அவருக்கு. ஆனால் எங்கே எழ வேண்டும், எங்கே முழந்தாளிட வேண்டும் என்று எல்லாம் தெரிந்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் திரும்பி அவரைக் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

பூசை முடிந்து ஹாலில் வடையும் காபியும். நான் கமிட்டியாரிடம் போய், ஒரு அறிவிப்புச் செய்யலாமா, ஆளுக்கு ஒரு போன் செய்தால் போதும் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். எல்லாருமே விசால இருக்கோம். ப்ரே பண்ணலாம், கண்டிப்பா ப்ரே பண்ணலாம்,” என்றார் ஒருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பச்சைக் கையுறை மட்டும் தெரிய நின்ற நான் யாரை என்ன சொல்ல?

அப்போதுதான் ஆன்ட்டி கண்ணில் பட்டார். பாளையங்கோட்டையில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வுபெற்றவர், மான்மவுத் ஜங்ஷனில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்கள் ஜெபமாலைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. அவர் பார்த்தாலே ஹாலில் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்திவிடும். சிட்டிசன்ஷிப்பும் இருக்கிறது. தாளை நீட்டி, இதில் இருப்பதை மட்டும் படித்தால் போதும் என்று விஷயத்தைச் சொன்னேன்.

“நமக்கு எதுக்கு பிள்ள இந்த அரசியலு? மகனுக்கு எதாவது தொந்தரவு வந்திரக் கூடாதுலா,” என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், “அந்தத் தம்பிக்கு என்ன வயசிருக்கும்?” என்று கேட்டார்.

சொன்னேன். சுகர் இருக்கிறது, ஊசி போட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

ஆன்ட்டியின் முகமே மாறிவிட்டது. “ஊசியா? எங்க சாருக்கும் ஊசிதான். கடைசிவரைக்கும் நான்தான் போட்டேன். ஊசியப் போட்டுட்டு தட்ட வைக்க கொஞ்சம் பிந்துனாக்கூட கையெல்லாம் நடுங்கிரும் அவ்வோளுக்கு.” சார் என்று அவர் சொன்னது, காலமான தன் வீட்டுக்காரரை. ஆத்தேயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வடைத் தட்டைக் கீழே வைத்தார். “நம்பரப் போடு.”

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். எங்களுக்குச் சாயங்காலம் ஆறரை. அங்கே திங்கள் காலை ஏழரை. என்ன நடக்கிறது என்று பார்க்கக் காபிக் கோப்பைகளோடு கொஞ்சம் பேர் கூடிவிட்டார்கள், என் வீட்டுக்காரரும் அதில் இருந்தார். மறுமுனையில் ஒரு இளைஞனின் குரல் வந்தது. ஆன்ட்டி தன் கான்வென்ட் ஆங்கிலத்தில் தாளைப் படித்தார். முதல் வாக்கியம் முடிந்து இரண்டாவது ஆரம்பிப்பதற்குள், “அப்படி யாரும் இங்க இல்ல மேடம்,” என்று மனப்பாடமாகச் சொன்னான் அவன்.

ஆன்ட்டி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். நான் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தேன்.

“தம்பி, அங்க இப்ப காலைதானே? நீ சாப்பிட்டியா?”

அவன் தடுமாறினான். “நானா... இன்னும் இல்ல மேடம். டியூட்டி முடிஞ்சப்பறம்.”

“வயித்தக் காயப் போடக் கூடாது. சரி, அவர் சாப்பிட்டாரா? அவருக்கு சுகர். காலைல ஊசி போட்டா உடனே சாப்பாடு குடுக்கணும். குடுக்கலன்னா மயக்கம் போட்டு விழுந்திருவார். உங்கள்ல யாருக்காவது இது தெரியுமா? ஊசி போட்டாச்சா? சாப்பாடு குடுத்தாச்சா, இல்லியா? சொல்லு!”

பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கேட்கிற குரல் அது.

“சாப்பிட்டுட்டார் மேடம்,” என்றான் அவன். “நீங்க கவலப்படாதீங்க மேடம்.”

பின்னால் வேறு யாரோ அதட்டுவது கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

நான் வெடித்துவிட்டேன். “ஆன்ட்டி! பேப்பர்ல இருக்கறத மட்டும் படிங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல? ஒரு வார்த்த கூடப் பேசக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்ப அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். ஆத்தே. கை சில்லிட்டிருந்தது.

“அங்க இல்லாதவன் எப்படிச் சாப்பிட்டான்?” என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆத்தே அழுதுகொண்டே சிரித்தார், ஆன்ட்டியின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் அவர்கள் அப்படித்தான் ஆசி வாங்குவார்கள். “எங்க ஊர்ல எவ்வளவு பெரிய முரடனா இருந்தாலும், வயசான ஒரு அம்மா ‘அவன் சாப்பிட்டானா’ன்னு கேட்டா, இல்லைன்னு சொல்ல வாய் வராது,” என்றார். மூன்று நாளாகப் படித்தவர்களும் பாதிரியார்களும் சட்டம் பேசிப் பெற முடியாத பதிலை ஆன்ட்டி வாங்கிவிட்டார் என்பது அவருக்கே இன்னும் விளங்கவில்லை. “என்ன பிள்ள ஆச்சு? நான் தப்பா ஒண்ணும் பேசலியே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் தம்பிக்காக அலைந்துகொண்டிருந்த வக்கீலை ஆத்தே அங்கிருந்தே கூப்பிட்டார். வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: இதைக் காதால் கேட்டவர்கள் யார், யார்? அவர்கள் பெயரும் ஊரும் வேண்டும், கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும். ஆத்தே அதை எங்களுக்கு எடுத்துச் சொன்னதும் ஹால் அப்படியே அமுங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான் கேட்டேன். என் பேர எழுதிக்கங்க.”

என் வீட்டுக்காரர்! வாயில் இன்னும் வடை. போட்டோவில் விழுந்துவிடாதே என்று பிளாஸ்க் கொடுத்த அதே மனுஷன். பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், ‘பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி’ என்றார். அப்புறம் நான். அப்புறம், ப்ரே பண்ணலாம் என்று சொன்ன அந்தக் கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் மனைவியும் வந்தார். அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவரையும் இப்போது நினைத்தாலும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அவர்கள் பயம் சும்மா பயம் இல்லை, என் பயமும் அதுதானே.

விஷயம் புரிந்தபின் ஆன்ட்டியைப் பிடிக்க முடியவில்லை. ஜெபமாலைக் குழுவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “எல்லாரும் இந்த நம்பருக்குப் போன் போடணும். அரசியல் ஒண்ணும் பேச வேண்டாம். அந்தத் தம்பி சாப்பிட்டாரா, ஊசி போட்டாச்சா, அத மட்டும் கேளுங்க.” வேளையும் அவரே பிரித்துக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டை விசாரிப்பது கலிபோர்னியாவில் பே ஏரியாவில் இருக்கிற அவர் தங்கை கூட்டம். முகாமில் மத்தியானம் என்றால் அவர்களுக்கு இரவு எட்டு மணி, பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்கிற நேரம். ராத்திரிச் சாப்பாடு எங்களுக்கு. இங்கே விடிகாலை, ஜெபமாலை சொல்லுமுன் ஒரு போன். காலைச் சாப்பாடு டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிற ஆன்ட்டி மகளுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும். அந்தச் சிநேகிதிகளில் இரண்டு பேர் முஸ்லிம் பெண்கள், “நாங்க கேக்கலாமா?” என்றார்களாம். “சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு என்னம்மா மதம்?” என்று ஆன்ட்டி அதட்டினாராம். காலையில், மத்தியானத்தில், ராத்திரியில் என்று அந்த முகாமின் போன் ஓயவில்லை. ‘ராங் நம்பர்’ என்றார்கள், ‘இங்கே இல்லை’ என்றார்கள், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார்கள். எங்கள் பெண்கள் விடவில்லை. “சரி, இல்லைன்னா இல்ல. ஆனா அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் மட்டும் குடுத்துராதீங்க,” என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறாள் ஒருத்தி.

நர்ஸுகளும் ஆயாக்களும் இன்னொரு பக்கம் கான்சுலேட்டையும் அமெரிக்க எம்.பி.க்களின் ஆபீஸ்களையும் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே தீவில் வக்கீலும் பாதிரியாரும் அந்தக் குடியானவ ஜனங்களும் முகாமின் கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ‘உங்கள் ஆளே போனில் சொல்லியிருக்கிறார், கேட்டவர்களின் பெயர்கள் இதோ’ என்று எங்கள் பெயர்களைப் படித்தாராம் வக்கீல். வாயில் நுழையாத தமிழ்ப் பெயர்களைப் பாவம், என்ன பாடுபட்டுப் படித்தாரோ.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஷிப்டுக்குப் போனேன். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஆத்தே என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தத் தம்பி, பக்கத்தில் வக்கீல். முகம் வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அவர் வீட்டில் இல்லாத துப்பாக்கியை இருந்ததாகச் சொல்லி வழக்குப் போட்டுத்தான் வெளியே காட்டினார்கள். போட்டுக்கொள்ளட்டும்! வழக்கு போட வேண்டும் என்றால் ஆள் இருந்தாக வேண்டுமே. நாங்கள் இரண்டு பேரும் சப்ளை ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சலைன் பெட்டிகளுக்கு நடுவில் கட்டிப்பிடித்து அழுதோம். சிஸ்டர், என் மெஷின் கத்துது என்று வெளியே ஒரு நோயாளி சத்தம் போட்டபின்தான் வந்தோம்.

மாதங்கள் ஓடின. சித்திரை போல வெயில் கொளுத்திய ஒரு கோடையில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா, வாய்தா என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. நிலவறை மீட்டிங்கும் நிற்கவில்லை. அவரைப் போலத் தூக்கப்பட்டு இன்னும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் ரைஸ் குக்கர் வைக்கிறார்கள். நானும் போகிறேன், இப்போது குல்லாய் இல்லாமல். என் வீட்டுக்காரர் நாற்காலி அடுக்குகிறார்.

ஜாமீன் கிடைத்த அந்த வாரம் ஆத்தே வீட்டில் ஒரு சாப்பாடு. ஆன்ட்டியை மகன் கொண்டுவந்து விட்டிருந்தார். பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் வரிசையாக வந்து அவர் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ள, அவர் வெட்கப்பட்டு, “போதும் போதும், கையில மீன் நாத்தம்,” என்று இழுத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் வீடியோ காலில் அந்தத் தம்பி வந்தார். அங்கே காலை நேரம். ஆத்தே போனை ஆன்ட்டி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார்.

அந்தத் தம்பி முதலில் ஆன்ட்டிக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு மெதுவாக, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அம்மா,” என்றார். “நீங்க போன் பண்ணின அன்னிக்கு நான் சாப்பிட்டிருக்கல.”

ஆத்தே போனின் சத்தத்தைக் கூட்டினார்.

கண்ணைக் கட்டி ஒரு அறையில் போட்டிருந்தார்களாம். தண்ணீரும், நினைத்தபோது ஒரு துண்டு ரொட்டியும்தான். இன்சுலின் இருந்த பையை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் திடீரென்று கதவு திறந்தது. கட்டை அவிழ்த்தார்கள். ஒரு தட்டில் சோறும் முட்டையும், பக்கத்தில் அவருடைய பை. எவ்வளவு மருந்து போட வேண்டும் என்று ஒருவன் தணிந்த குரலில் கேட்டான். கொல்வதற்கு முன்னால் சோறு போடுகிறார்கள் என்று நினைத்தாராம். அப்படி நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். ஆனால் மத்தியானமும் தட்டு வந்தது. ராத்திரியும் வந்தது. மறுநாள் தட்டைக் கொண்டுவந்தவன் எரிச்சலோடு கேட்டிருக்கிறான்: “டேய், அமெரிக்கால உனக்கு எத்தன அம்மாடா?”

“எனக்கு அப்ப ஒண்ணும் புரியல,” என்றார் அந்தத் தம்பி. “ஆனா யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கப்பறம் எனக்குப் பயம் இல்ல.”

ஆத்தே உடைந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்ன ஆனேன் என்று சொல்லவே வேண்டாம். ஆன்ட்டி மட்டும் அழவில்லை. அவர் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

“அப்ப அந்தப் பய எங்கிட்ட பொய்யா சொன்னான்? சாப்பிட்டாச்சு, கவலப்படாதீங்கன்னு சொன்னாம்லா! நானும் நம்பிட்டு அன்னிக்கு நிம்மதியா தூங்குனேனே!”

“ஆன்ட்டி, அந்தப் பொய்யாலதான் இவர்...” என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தம்பி, இன்னிக்கு ஊசி போட்டாச்சா?”

“போட்டாச்சும்மா.”

“சாப்பிட்டாச்சா?”

“சாப்பிட்டுக்கிட்டிருக்கேம்மா.”

“வாயால சொன்னா நான் இனிமே நம்ப மாட்டேன். தட்டக் காட்டுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் சோறு, ஒரு முட்டை, பாதி தின்ற கருவாடு. ஆன்ட்டி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கிட்டே பிடித்து, நன்றாகப் பார்த்தார்.